விமானிகளுக்குள் யார் பெரியவர்? பந்திங் தோட்டத்தில் என்னிடம் கேட்ட கேள்விகள்

நான் மலேசியாவில் பந்திங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அப்பா மண்டோர், அதாவது தோட்டத்து ஆட்களுக்கு மேற்பார்வையாள். அம்மா வெளிக்காட்டு வேலை. இப்போது ஏர்பஸ் ஏ320 ஓட்டும் கேப்டன். எந்த நிறுவனம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் போவேன். பந்தியில் இலை போடுவதற்குள் பத்துப் பேராவது சூழ்ந்துகொள்வார்கள். முதல் கேள்வி சம்பளம் எவ்வளவு என்பதுதான். அதைச் சிரித்தே மழுப்பிவிடுவேன். மற்ற கேள்வியெல்லாம் சொல்லிவைத்தாற்போல ஒரே இடத்துக்கு வரும்: உங்களுக்குள் யார் பெரியவர், யாருக்கு யார் பயப்படுவார்கள், சண்டை வருமா? தோட்டத்து ஆட்களுக்கு இது இயல்பாக வரும் கேள்வி. தோட்ட மானேஜரான துரை, சின்னதுரை, கணக்கெழுதும் பெரிய கிராணி, கிராணி, மண்டோர் என்று படிக்கட்டைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். திருவிழாவில் பாதி பதில்தான் சொல்ல முடிகிறது, அதற்குள் சாம்பார் வந்துவிடுகிறது. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

தோளில் இருக்கும் கோடுகளுக்கு என்ன கணக்கு?

நாலு கோடு கேப்டன். மூன்று கோடு ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது கேப்டனுக்கு வலது பக்கம் உட்காரும் இரண்டாவது விமானி. இரண்டு கோடு என்றால் செகண்ட் ஆபீசர் அல்லது இன்னும் பயிற்சியில் இருப்பவர். இரண்டு கோட்டுக்காரர் கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும்.

இது கப்பலில் இருந்து வந்த பழக்கம். 1930களில் அமெரிக்காவின் பான் அமெரிக்கன் நிறுவனம் தண்ணீரில் இறங்கும் 'பறக்கும் படகு' விமானங்களை ஓட்டியது. அதன் விமானிகளுக்குக் கடற்படை மாதிரி உடுப்பு தைத்துக் கொடுத்தார்கள். கேப்டன் என்ற பெயரே கப்பல்காரர்களுடையதுதான்.

கோடு சட்டையில் தைத்தது இல்லை. தோள்பட்டையில் சொருகுகிற சின்னத் துண்டு, இரண்டு விநாடியில் கழற்றிவிடலாம். இதை ஏன் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

கேப்டன்தானே ஓட்டுகிறார்? பக்கத்தில் இருப்பவர் உதவியாள்தானே?

இதைக் கேட்டால் எந்த ஃபர்ஸ்ட் ஆபீசருக்கும் முகம் சுருங்கிவிடும். பதினொரு வருஷம் வலது பக்கம் உட்கார்ந்தவன் நான். என் சித்தப்பாவே ஊரில் என்னைக் "கிளீனர்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். லோரியில் டிரைவர், கிளீனர் மாதிரி என்று அவருக்கு ஒரு கணக்கு.

நடப்பது வேறு. ஒவ்வொரு பயணத்திலும் ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் கண்காணிப்பார். கண்காணிப்பவர் ரேடியோவில் பேசுவார், செக்லிஸ்ட் வாசிப்பார், ஓட்டுபவர் கையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். பினாங்குக்குப் போகும்போது நான் ஓட்டினால் திரும்பி வரும்போது அவர் ஓட்டுவார். விமானத்துக்குப் பொறுப்பு எப்போதும் கேப்டனுடையது. சக்கரத்தைத் தரையில் வைத்தது பாதி நேரம் ஃபர்ஸ்ட் ஆபீசர்தான். நீங்கள் கைதட்டியது யாருக்கு என்று உங்களுக்கே தெரியாது.

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றில் ஒரு ஏ320 இறங்கியதே, அதைப் பாருங்கள். ஊரெல்லாம் கேப்டன் சல்லன்பெர்கர் பெயரைத்தான் சொல்கிறது. பறவைக் கூட்டத்தில் மோதிய அந்த நேரத்தில் விமானத்தை மேலே ஏற்றிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் இருந்த ஜெஃப் ஸ்கைல்ஸ். அவருக்கு மொத்தம் 15,000 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவம். அந்த ரக விமானத்தில் மட்டும் 40 மணி நேரம்கூட ஆகவில்லை. இஞ்சின் இரண்டும் போனதும் கேப்டன் விமானத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார். ஸ்கைல்ஸ் மறுபேச்சு இல்லாமல் கொடுத்துவிட்டு, இஞ்சினைத் திரும்பக் கிளப்பும் செக்லிஸ்டை எடுத்தார். தண்ணீரைத் தொடுவதற்குச் சில விநாடிகளுக்கு முன்னால், வேறு ஏதாவது யோசனை இருக்கிறதா என்று கேப்டன் அவரிடம் கேட்கிறார். ஒலிப்பதிவில் அது இருக்கிறது. இல்லை என்று பதில் வருகிறது. 155 பேரும் பிழைத்தார்கள். அந்தக் கேள்வியை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த நிலைமையிலும் கேட்டிருக்கிறார் பாருங்கள்.

போட்டி, பொறாமை எல்லாம் உண்டா?

இல்லாமலா? உண்டு, நிறைய உண்டு. இரண்டு விமானிகள் புதிதாகச் சந்தித்தால் மூன்றாவது வாக்கியத்தில் "எத்தனை மணி நேரம் ஆச்சு?" என்ற கேள்வி வந்துவிடும். ரப்பர் பால்வெட்டுக் காலத்தில் நிறுவை முடிந்ததும் "இன்னிக்கு எத்தனை கிலோ?" என்று கேட்பார்களே, அதே குரல்தான்.

பெரிய போட்டி சீனியாரிட்டி எண்ணில். பல நிறுவனங்களில் வேலைக்குச் சேர்ந்த தேதியை வைத்து ஒரு வரிசை இருக்கும். எந்த விமானத்துக்கு மாறலாம், எப்போது கேப்டன் பயிற்சிக்குப் போகலாம் என்பதெல்லாம் அந்த வரிசைப்படி. சில இடங்களில் தீபாவளிக்கு யாருக்கு லீவு என்பதுகூட அதில்தான் இருக்கிறது. திறமை இருந்தாலும் வரிசையைத் தாண்டி எகிறிக் குதிக்க முடியாது. ஒரே நாளில் சேர்ந்தவர்களில் வயதில் மூத்தவருக்கு முன் எண் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. ஒன்பது நாள் முன்னால் பிறந்ததற்காக ஒருவர் இரண்டு வருஷம் முன்னால் கேப்டன் ஆனதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் நண்பர்கள்தான், ஆனால் அந்த ஒன்பது நாள் கதை ஒவ்வொரு விருந்திலும் வரும்.

இதில் கொடுமை, நிறுவனம் மாறினால் பல இடங்களில் கடைசி எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். கிள்ளானில் இருக்கும் என் நண்பன் ஒருவன் வேறு நிறுவனத்தில் கேப்டனாக இருந்தவன். அது நொடித்துப்போனதும் எங்களிடம் ஃபர்ஸ்ட் ஆபீசராகச் சேர்ந்தான். முதல் நாள் காலையில் நாலு கோட்டைக் கழற்றி மூன்று கோட்டைச் சொருகிக்கொண்டு வந்தான். பழைய ஜோடியை அலமாரியில் அந்துருண்டை போட்டு வைத்திருப்பதாகச் சிரித்துக்கொண்டே சொன்னான். அன்று அவனுக்குக் கேப்டன் நான். அவனைவிட ஆறு வயது சின்னவன், பறந்த நேரத்திலும் குறைந்தவன். எனக்குக் கை கால் ஓடவில்லை. அவன்தான் சகஜமாக, "கேப்டன், பெட்ரோல் எவ்வளவு போடலாம்?" என்று கேட்டு ஆரம்பித்துவைத்தான். (விமானத்துக்குப் போடுவது பெட்ரோல் இல்லை, மண்ணெண்ணெய் வகை. எங்களுக்குள் விளையாட்டாகச் சொல்வது.)

பெரிய விமானம் ஓட்டுபவர்தான் பெரிய விமானியா?

ஊரில் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் எங்களிலும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். லண்டனுக்கு ஏ350 ஓட்டுபவர் ஹோட்டல் வாசலில் பெட்டியை இழுத்துக்கொண்டு வரும் நடையே வேறு. சம்பளமும் அலவன்ஸும் பெரும்பாலும் கூட.

ஆனால் சுபாங்கிலிருந்து ஏடிஆர் 72 ஓட்டுகிற பையன்களைக் கேட்டுப் பாருங்கள். புரொபெல்லர் விமானம், 70 பேர் ஏறுவார்கள். ஒரு நாளைக்கு நாலு தடவை இறங்குவார்கள். சாயங்கால இடி மேகம் கட்டும்போது ஜெட் விமானம் அளவுக்கு உயரே ஏற முடியாது, சுற்றித்தான் போக வேண்டும். நீண்ட தூரம் போகிறவருக்கோ, கூடுதல் விமானிகளோடு போவதால் மாதத்தில் இரண்டு மூன்று தடவை இறக்கக் கிடைத்தாலே பெரிது. 90 நாளில் மூன்று ஏற்றம், மூன்று இறக்கம் செய்திருக்க வேண்டும் என்பது விதி. அது குறைந்துபோய், தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டரில் போய்க் கணக்கைச் சரிக்கட்டுகிற பெரிய விமானக் கேப்டன்களும் இருக்கிறார்கள். ஏடிஆர் பையன்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர்களே ஜெட் விமானத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் அன்று ராத்திரியே விண்ணப்பம் போட்டுவிடுவார்கள். இரண்டும் உண்மை.

போயிங்கா ஏர்பஸ்ஸா?

இது ரொம்பச் சின்ன விஷயம், ஆனால் இதில்தான் சத்தம் அதிகம். நம் நாட்டில் இது கிட்டத்தட்ட நிறுவனச் சண்டை. மலேசியா ஏர்லைன்ஸின் சின்ன ஜெட்டுகள் போயிங் 737. ஏர்ஏசியா 2001இல் கைமாறியபோது இரண்டே இரண்டு 737களோடு இருந்தது, பிறகு ஏ320க்கு மாறியது.

போயிங் ஆட்களுக்கு முன்னால் பெரிய ஸ்டியரிங் மாதிரி ஒன்று இருக்கும். "நாங்கள் ஓட்டுகிறோம், நீங்கள் கம்ப்யூட்டர் கேம் விளையாடுகிறீர்கள்" என்பார்கள். ஏர்பஸ்ஸில் பக்கவாட்டில் சின்னக் குச்சிதான். அதனால் முன்னால் இடம் காலி, அங்கே இழுத்து விரிக்கிற ஒரு மேசை இருக்கிறது. நாசி லெமாக்கை மேசையில் வைத்து நிதானமாகச் சாப்பிடுபவன் ஏர்பஸ்காரன், மடியில் தட்டை வைத்துச் சம்பல் சிந்தாமல் சாப்பிட வித்தை காட்டுபவன் போயிங்காரன். இந்த வாதத்துக்கு மட்டும் அவர்களிடம் இன்னும் பதில் கிடையாது.

இன்னொன்று. ஏர்பஸ்ஸில் கேப்டனுக்குக் குச்சி இடது கைப் பக்கம். பதினொரு வருஷம் வலது கையால் ஓட்டிவிட்டு, கேப்டன் பயிற்சிக்கு இடது பக்கம் உட்கார்ந்தபோது, சோற்றாங்கை பீச்சாங்கை பார்த்து வளர்த்த என் அத்தை ஞாபகம்தான் வந்தது. இடது கையால் காசு வாங்கினாலே பட்டென்று தட்டுவார். 180 பேரை இடது கையால் இறக்குகிறேன் என்று அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

விமானப்படையிலிருந்து வந்தவர்களும் காசு கட்டிப் படித்தவர்களும் ஒத்துப்போவார்களா?

நான் சேர்ந்தபோது மூத்த கேப்டன்களில் பலர் அரச மலேசிய விமானப்படையிலிருந்து வந்தவர்கள். எங்களை மாதிரி மலாக்காவில் பத்து பெரண்டாம் பள்ளியிலோ லங்காவியிலோ படித்து நேராக ஜெட்டில் ஏறியவர்களை அவர்கள் ஒரு மாதிரித்தான் பார்த்தார்கள். "கைக்குழந்தைகள்" என்று ஒருவர் சொல்லுவார். நாங்கள் பின்னால், "அவருக்கு எதிரி விமானம் தெரியும், எரிபொருள் கணக்குத் தெரியாது" என்போம். கொஞ்சம் உண்மை இரண்டு பக்கமும் இருந்தது. கையால் ஓட்டுவதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. இரண்டு பேராகச் சேர்ந்து ஓட்டுவது நமக்குப் பள்ளியிலேயே பழகியது.

இப்போது இது மங்கிவிட்டது. அந்தத் தலைமுறை ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறது.

பெரியவர் தப்பு செய்தால் சின்னவர் சொல்லலாமா?

சொல்லலாமா என்று கேட்காதீர்கள், சொல்லியே ஆக வேண்டும். எங்கள் தொழிலில் இதற்காகவே தனிப் பயிற்சி இருக்கிறது, வருஷா வருஷம் போக வேண்டும். அந்தப் பயிற்சி வந்த கதையைச் சொன்னால்தான் புரியும்.

1977 மார்ச் 27, ஸ்பெயினின் தெனெரிஃப் தீவு. பனிமூட்டம். ஓடுபாதையில் பான் அமெரிக்கன் 747 ஒன்று இன்னும் விலகவில்லை. எதிர்முனையில் நெதர்லாந்தின் கே.எல்.எம். 747. அதன் கேப்டன் லேசுப்பட்டவர் இல்லை. நிறுவனத்தின் பயிற்சித் தலைவர், விளம்பரத்திலேயே அவர் படம் வந்திருக்கிறது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதி வராமலே அவர் ஓட்டத்தைத் தொடங்கிவிட்டார். பின்னால் இருந்த ஃபிளைட் இஞ்சினியர் (அந்தக் காலத்து விமானங்களில் இருந்த மூன்றாவது ஆள்), அந்த விமானம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. 583 பேர் இறந்தார்கள். விமான விபத்துகளில் அதைவிடப் பெரிய எண்ணிக்கை இன்றுவரை இல்லை.

அடுத்த வருஷமே, 1978 டிசம்பரில், அமெரிக்காவில் போர்ட்லண்ட் அருகே யுனைடெட் விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து விழுந்தது. கேப்டன் சக்கரக் கோளாற்றிலேயே மூழ்கியிருந்தார். மற்ற இருவருக்கும் எரிபொருள் குறைவது தெரிந்திருந்தது, சொல்லவும் சொன்னார்கள், ஆனால் அவர் காதில் விழுகிற மாதிரி அடித்துச் சொல்லவில்லை. பத்துப் பேர் போனார்கள். அதற்குப் பிறகுதான் விமானிகள் ஒருவரோடொருவர் பேசுவதையும் பாடமாக்க வேண்டும் என்று தொடங்கினார்கள்.

1999 டிசம்பர் 22, லண்டன் ஸ்டான்ஸ்டெட். கொரியன் ஏர் சரக்கு விமானம். கேப்டன் விமானப்படையில் கர்னலாக இருந்தவர். அவர் பக்கத்து கருவி மட்டும் பழுது, விமானம் சாய்வதைக் காட்டவில்லை. ஃபர்ஸ்ட் ஆபீசர் பக்கத்து கருவி சரியாகவே இருந்தது. எச்சரிக்கை ஒலியும் அடித்தது. ஃபிளைட் இஞ்சினியர் "சாய்வு, சாய்வு" என்று குரல் கொடுத்தார். சரியான கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இளைஞர் வாயைத் திறக்கவில்லை. ஏறிய ஒரு நிமிஷத்துக்குள் நாலு பேரும் முடிந்தார்கள். அதன் பிறகு அந்த நிறுவனம் வெளியாட்களை அழைத்துவந்து பயிற்சியைத் தலைகீழாக மாற்றியது. 1999க்குப் பிறகு அவர்கள் விமான விபத்தில் ஓர் உயிர் போகவில்லை.

இதைப் படிக்கும்போது எனக்குக் கொரியா ஞாபகம் வராது, எங்கள் தோட்டம்தான் ஞாபகம் வரும்.

எனக்கு எட்டு வயது இருக்கும். தோட்டத்தில் பெரிய பாரிட் (வாய்க்கால்) ஒன்றைக் கடக்க மரப்பாலம் இருந்தது. குலை ஏற்றிய லோரி அதன் மேல்தான் போகும். அடிக்கட்டை உளுத்துப்போனது அப்பாவுக்குத் தெரியும். கிராணியிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். "துரை பார்த்துட்டாரு, போகலாம்னு சொல்லிட்டாரு" என்று பதில் வந்தது. அடுத்த நாள், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் துரை நேரிலேயே நின்றார். அப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாரே தவிர வாயைத் திறக்கவில்லை. அந்த வாரமே லோரி பாரிட்டுக்குள் சாய்ந்தது. உயிர் போகவில்லை, டிரைவருக்குக் கால் போனது. விசாரணையில் டிரைவர் வேகமாக ஓட்டியதாக எழுதிக்கொண்டார்கள். இதை அப்பா என்னிடம் சொன்னது முப்பது வருஷம் கழித்து, நான் கேப்டன் ஆன அன்றைக்கு ராத்திரி.

அதற்கு முன்னாலேயே எனக்கு அந்தப் பெரட்டுக் களம் வந்துவிட்டது. நான் ஃபர்ஸ்ட் ஆபீசராகச் சேர்ந்து இரண்டாவது வருஷம். கூச்சிங், ராத்திரி, நல்ல மழை. ஓட்டுவது, எங்களைக் "கைக்குழந்தைகள்" என்று சொன்ன அந்த விமானப்படைக் கேப்டன். எங்கள் விதிப்படி, ஆயிரம் அடிக்கு இறங்கும்போது வேகம், சக்கரம், ஃபிளாப், இறங்கும் வீதம் எல்லாம் ஒழுங்குக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் யோசிக்காமல் திரும்ப மேலே ஏற வேண்டும். அதற்குத்தான் 'கோ அரவுண்ட்' என்று பெயர். ஆயிரம் அடி தாண்டியது. வேகம் இருக்க வேண்டியதைவிட 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) கூட. அவர் சமாளித்துவிடுவார் என்று எனக்குத் தெரியும், நூறு தடவை சமாளித்தவர். தொண்டையில் வார்த்தை நின்றது. ஒரு விநாடி, இரண்டு விநாடி. "கோ அரவுண்ட்" என்றேன். குரல் எனக்கே கேட்டதா என்று சந்தேகம். அவர் கை அந்த நொடியே இஞ்சின் லீவரை முன்னால் தள்ளியது. மறுபடி ஏறி, சுற்றி வந்து, சுத்தமாக இறக்கினார். ஒரு வார்த்தை பேசவில்லை. இஞ்சினை அணைத்து, கடைசி செக்லிஸ்ட் முடிந்து, பயணிகள் எல்லாம் இறங்கிய பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு செகண்ட் லேட்டாச் சொன்ன. அடுத்த தடவை சீக்கிரம் சொல்லு."

அவ்வளவுதான். அடுத்த மாசம் அவர் என்னைக் "கைக்குழந்தை" என்று சொல்வதை நிறுத்திவிட்டார், என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அப்படியென்றால் காக்பிட்டில் மரியாதை என்று ஒன்றும் இல்லையா?

இருக்கிறது, ஊரில் தெரிகிற மாதிரி இருக்காது. எழுந்து நிற்பது, கை கட்டுவது எல்லாம் கிடையாது. "கேப்டன்" என்று கூப்பிடுவார்கள், அதோடு சரி. தமிழ் பேசுகிற ஆளோடு பறந்தாலும் வேலைப் பேச்சு ஆங்கிலத்தில்தான். உயரே ஏறி, எல்லாம் அமைதியான பிறகு "அண்ணே, ஊர் எங்கே?" என்று ஆரம்பிப்போம்.

ஒருவர் உங்களை மதிக்கிறாரா என்று சின்னச் சின்ன விஷயத்தில் தெரியும். மழையில் விமானத்தைச் சுற்றிப் பார்த்துச் சோதிக்கிற வேலை பெரும்பாலும் ஃபர்ஸ்ட் ஆபீசர் தலையில் விழும். சில கேப்டன்கள் குடையை எடுத்துக்கொண்டு தாங்களே இறங்கிவிடுவார்கள். பிரச்சினை ஒன்று வந்தால் முதலில் யார் கருத்தைக் கேட்கிறார் என்பது இன்னொன்று. நான் கேப்டன் ஆனதும் பழகிக்கொண்ட விஷயம் இது: என் முடிவைச் சொல்வதற்கு முன்னால் பக்கத்து ஆளிடம் "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டுவிடுவேன். நான் முதலில் வாயைத் திறந்தால் அவன் "சரி கேப்டன்" என்பான். அந்தச் "சரி"யை நம்ப முடியாது. "சரிங்க துரை" கேட்டு வளர்ந்த காது எனக்கு.

பெரியவர்கள் சின்னத்தனம் இல்லாமல் நடந்ததற்கு ஒரு உதாரணம். 1989 ஜூலை 19, அமெரிக்காவின் சூ சிட்டி. டிசி-10 விமானத்தின் வால் இஞ்சின் வெடித்து, திருப்புவதற்கான ஹைட்ராலிக் முழுவதும் போய்விட்டது. பயணியாக வந்திருந்தவர் டென்னிஸ் ஃபிட்ச், அதே ரக விமானத்துக்குப் பயிற்சி கொடுக்கிறவர். உதவட்டுமா என்று சொல்லி அனுப்பினார். கேப்டன் அல் ஹேன்ஸ் "என் விமானம், எனக்குத் தெரியும்" என்று சொல்லவில்லை, உள்ளே கூப்பிட்டு மிச்சம் இருந்த இரண்டு இஞ்சின் லீவர்களையும் அவர் கையில் கொடுத்தார். அந்த இரண்டு லீவரைக் கூட்டிக் குறைத்தே விமானத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். 296 பேரில் 112 பேர் இறந்தார்கள், 184 பேர் பிழைத்தார்கள். ஹேன்ஸ் கடைசிவரை தன்னை மட்டும் புகழ விட்டதில்லை.

பெண் விமானிகளை எப்படி நடத்துகிறார்கள்?

காக்பிட்டுக்குள் வித்தியாசம் இல்லை, செக்லிஸ்டுக்கு ஆண் பெண் தெரியாது. வெளியேதான் தொல்லை. என்னோடு பறந்த ஒரு பெண் கேப்டன் சீருடையில் நடந்துவரும்போது பயணி ஒருவர் தண்ணீர் கேட்டார். அவரும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நேராக இடது சீட்டில் போய் உட்கார்ந்தார். அந்தப் பயணியின் முகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

கொரோனா காலத்தில் என்ன ஆனது?

எல்லாருடைய கோடும் ஒன்றாகிவிட்டது. சுபாங் ஜெயாவில் வேலை போன கேப்டன் ஒருவர் வெள்ளைச் சீருடை, தொப்பியோடு, மேலே ஏப்ரன் கட்டி நூடுல்ஸ் கடை போட்டார். பத்திரிகையெல்லாம் எழுதின. நாங்கள் நாலு பேர் போய் வரிசையில் நின்று சாப்பிட்டோம். எனக்குப் பின்னால் நின்றவர் வேறு நிறுவனத்து ஆள், போயிங்காரர். அன்றைக்கு மேசை பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

நானும் ஏழு மாதம் பந்திங்கில்தான் இருந்தேன். மாமா கடைக்கு மோட்டாரில் சாமான் ஏற்றிக் கொடுத்தேன். "விமானம் ஓட்டினவன் மோட்டார் ஓட்டுறான்" என்று சிரித்தவர்களும் உண்டு. முதலில் வலித்தது, அப்புறம் பழகிவிட்டது.

தோட்டத்துப் பிள்ளை விமானி ஆகலாமா?

ஆகலாம். தமிழ்ப்பள்ளியில் படித்தது எனக்குத் தடையாக இல்லை. ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வில் கணக்கு, இயற்பியல், ஆங்கிலம் நன்றாக இருக்க வேண்டும், முதல் வகுப்பு மருத்துவச் சோதனையில் தேற வேண்டும். அந்தச் சோதனையை முதலில் செய்துவிடுங்கள், பணம் கட்டிய பிறகு இல்லை. படிப்புக்கு லட்சக்கணக்கான வெள்ளி ஆகும். வீட்டை அடகு வைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. படித்து முடித்தும் வருஷக்கணக்கில் வேலைக்குக் காத்திருந்தவர்களைத் தெரியும். கேப்டன் உரிமத்துக்கு 1,500 மணி நேரம் வேண்டும், அதுவரை பொறுமையும் வேண்டும். வேலை கிடைத்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சிமுலேட்டரில் பரீட்சை. முப்பது வருஷம் ஓட்டியவருக்கும் அதே பரீட்சைதான்.

உங்கள் அப்பா உங்கள் விமானத்தில் பறந்திருக்கிறாரா?

ஒரே ஒரு தடவை. கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.யிலிருந்து பினாங்குக்கு. செம்பனைத் தோட்டங்களை வெட்டிக் கட்டிய விமான நிலையம் அது, 1998இல் திறந்தார்கள். ஜன்னல் வழியாக எந்தத் தோட்டம் எங்கே இருந்தது என்று பக்கத்து சீட்டுக்காரருக்குக் காட்டிக்கொண்டே வந்தாராம்.

பினாங்கில் இறங்கி எல்லாரும் போன பிறகு, காக்பிட் வாசலில் தயங்கி நின்றார். தொப்பி கையில். உள்ளே வாங்க என்றேன், வரமாட்டேன் என்றார். என் ஃபர்ஸ்ட் ஆபீசர் கெடாவிலிருந்து வந்த மலாய்ப் பையன், இருபத்தைந்து வயது. எழுந்து வந்து அப்பா கையைப் பிடித்துக் கும்பிட்டான். அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தோட்டத்து மலாயில் கேட்டார், நீ ஏதாவது சொன்னால் இவன் கேட்கிறானா என்று.

பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் சொன்னான்:

"கடாங்-கடாங், பாக்சிக்." சில சமயம், மாமா.

அப்பா சிரித்துவிட்டார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.